தவிட்டுக்கு வாங்கியவள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வயிற்றில் இருப்பதும் சுகம். நீ, அத்தான், சுண்டு எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? சுண்டுவுக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததா?

போனில் பேசித் தொலைக்கக் கூடாதா என்று கேட்பாய். போன் மாமியார் கட்டிலின் தலைமாட்டில் இருக்கிறது. நான் "ஹலோ" என்றாலே அவருக்குத் தூக்கம் கலைந்துவிடும், காதும் திறந்துவிடும். அதனால் கண்ணாடிக் கடையில், சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் தேய்க்கும் மேஜையில் வைத்து எழுதுகிறேன்.

போன வாரம் ஐந்தாம் மாதப் பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் ஆளாகப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, "பி பாசிட்டிவ் யாரும்மா? நீங்களா? நீங்க கடைசியா வாங்க" என்றாள். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய் வெளியே வந்து வீட்டுக்கும் போய்விட்டார்கள். ஏன் என்று கேட்டால், "டாக்டர் சொல்வாங்க" என்கிறாள். டாக்டரோ, "அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன்" என்று மென்று விழுங்கினார்.

அது போகட்டும். எதிர்வீட்டு அறிவியல் டீச்சரிடம், "என் ரத்தம் பி பாசிட்டிவாம்" என்று சும்மா சொன்னேன். "அப்பா அம்மாவுக்கு என்ன?" என்று கேட்டார். உனக்கு நினைவிருக்கும், மில் பேட்ஜில் இருவருக்குமே ஓ என்று போட்டிருக்கும். "ரத்தம்கூட எங்களுக்கு ஒத்துப்போச்சு" என்று அப்பா எத்தனை தடவை பெருமை அடித்திருப்பார்! டீச்சர் நெற்றியைச் சுருக்கி, "ஓவுக்கும் ஓவுக்கும் பி பிறக்காதே" என்றார். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு விடைத்தாள் திருத்தப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. கேட்பதற்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய். அக்கா, நான் யார் பெற்ற பிள்ளை?

பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை


மார்ச் 12

என் தவிட்டுக்குட்டிக்கு,

இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. பல் விழுந்துவிட்டது. விழுந்த பல்லைத் தீப்பெட்டிக்குள் போட்டு பைண்டிங் கடைக்கே கொண்டுவந்து, வேலை செய்கிற எல்லோருக்கும் திறந்து காட்டினாள் சுண்டு. எட்டு வயதில் இந்த அமர்க்களம்.

இப்போதாவது தெரிந்ததா? உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம் என்று அன்றைக்கே நான் சொன்னேனே, நீதான் நம்பாமல் ஓவென்று அழுது ஊரைக் கூட்டினாய். அரை மூட்டைத் தவிடு கொடுத்தோம். இப்போது யோசித்தால் அதிகம்தான்.

போடி பைத்தியக்காரி. தூங்கும்போது அம்மா மாதிரியே குறட்டை விடுகிறாய். அந்தக் குறட்டையைத் தவிட்டுக்கு எவன் கொடுப்பான்? நர்ஸ் வேறு யாருடைய ரத்தத்தையோ மாற்றிப் பார்த்திருப்பாள். நேரத்துக்குச் சாப்பிடு. மாமியார் உடம்பையும் மாப்பிள்ளை உடம்பையும் விசாரித்ததாகச் சொல்.

அன்பு மாறாத
அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான்.

இனிமேல் என்னைத் தவிட்டுக்குட்டி என்று கூப்பிடாதே. ஏழு வயது வரை அதை உண்மை என்றே நம்பியவள் நான். தவிட்டு மூட்டை ஏற்றிய வண்டி தெருவில் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வேன், திருப்பிக் கொடுத்துவிடுவீர்களோ என்று. உனக்கு விளையாட்டு.

நீ கைக்குழந்தையாக அம்மா மடியில் இருக்கிற படம் இருக்கிறது. என்னை வைத்துக்கொண்டு ஒரு படமும் இல்லை. நான் பிறந்தபோது உன்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக நீயே சொல்லியிருக்கிறாய். ஏன் அனுப்பினார்கள்? திரும்பி வந்தபோது தொட்டிலில் நான் இருந்தேன், அவ்வளவுதானே உனக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரியிலும் ஏதோ மறைக்கிறார்கள். லென்ஸில் கீறல் பார்த்துப் பார்த்து எதையும் கூர்ந்து பார்க்கிற கண் எனக்கு. நேற்று ரத்தம் எடுக்க வந்தவள் எனக்கு மட்டும் இரண்டு கையுறை, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டாள். என் ரத்தக் குழாயில் சிவப்பாக ஒரு வட்டம் ஒட்டினாள். இவரைக் கூட வாருங்கள் என்றால், "பத்து மாடிக் கட்டிடத்துல லிஃப்ட் நின்னுபோச்சு, ஆள் உள்ள மாட்டியிருக்காங்க" என்று ஓடிவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் எல்லா நல்ல நேரத்திலும் எவனாவது மாட்டிக்கொள்வான்.

ரத்த வகைக்காகவா இத்தனை ஏற்பாடு? எனக்குக் காதில் பூ சுற்றாமல் எழுது. சுண்டுவுக்கு முத்தம்.

தங்கை


ஏப்ரல் 19

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம்.

எங்கள் கடையில் ரசீதுப் புத்தகம் தைக்கக் கொடுக்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காரரிடம் நீ எழுதியதைச் சொன்னேன். இரண்டு கையுறை, சிவப்பு வட்டம், கடைசி ஆள் என்றதும் அவர் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டார். "அது ரத்த வகை இல்லம்மா. ஹெபடைட்டிஸ் பி. அந்த பி வேற, இந்த பி வேற" என்றார்.

அது ஒரு கிருமியாம். ரத்தத்தில் இருக்கும், கல்லீரலில் போய்க் குடியிருக்கும். பல வருஷம் ஒன்றும் செய்யாமலே இருக்கும், அதனால் ஆளுக்கே தெரியாதாம். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இதைப் பார்ப்பது எதற்கென்றால், பிரசவத்தின்போது தாயின் ரத்தத்திலிருந்து பிள்ளைக்குப் போய்விடும். பிறந்த கையோடு, ஒரு நாளுக்குள், பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்கிறார். உன்னைக் கடைசியில் உட்கார வைத்ததற்கும், கூட்டத்தில் கூவியதற்கும் ஒரு நியாயமும் கிடையாது என்று அவரே திட்டினார்.

உன் ரத்தம் ஓவாகத்தான் இருக்கும். கேட்டுப் பார். மாப்பிள்ளையைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

வயிறு பெரிதாகிவிட்டது. குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. மற்றபடி சௌக்கியம். நீங்கள்?

கேட்டேன். என் ரத்தம் ஓதான். நீ எழுதியதும் சரி, டாக்டரும் அதையேதான் சொன்னார். ஒரு பாரம் இறங்கியது, அடுத்த பாரம் ஏறியது. இந்தக் கிருமி எனக்கு எப்படி வந்தது? கணவன் மனைவிக்குள்ளும் தொற்றும் என்று டாக்டர் சொன்ன நிமிஷத்தில் நான் இவர் முகத்தைத்தான் பார்த்தேன். இவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். கல்லீரல் படத்தை அவ்வளவு ஆசையாகப் பார்க்க என்ன இருக்கிறது? அன்று முதல் ஒரு வாரம் இவருடைய சட்டைப் பையைத் துழாவினேன். இரவு வேலை என்றால் எந்தக் கட்டிடம், எந்த மாடி என்று கேட்டேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், "வா, வந்து லிஃப்ட்டுக்கு மேல உட்கார்ந்து பாரு" என்று கத்திவிட்டார்.

இவருக்கும் பரிசோதனை செய்தார்கள். சுத்தமாம். இவருக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது வீட்டில் எல்லோருடைய கண்ணும் என் மேல். "என் பையனுக்கு இல்லை. அப்ப இது எங்க இருந்து வந்த சீர்?" என்று மாமியார் காய்கறியிடம் கேட்டுக்கொண்டே நறுக்குகிறார். இவர் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

பிள்ளைக்கு ஒரு ஊசி இல்லையாம், இரண்டாம். ஒன்று எல்லாப் பிள்ளைக்கும் போடுகிற தடுப்பூசி. இன்னொன்று என்னைப் போன்றவளின் பிள்ளைக்கு மட்டும். "பச்சை உடம்புல ரெண்டு ஊசியா? ஊர்ப் பிள்ளைக்கு இல்லாதது நம்ம பிள்ளைக்கு எதுக்கு?" என்கிறார் மாமியார். எனக்கும் சந்தேகம்தான். முதலில் மென்று விழுங்கினார்கள், இப்போது ஊசியோடு நிற்கிறார்கள். என் பிள்ளையை வைத்து ஏதாவது புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்களோ?

நான் ஒரு தப்பும் செய்யவில்லை அக்கா. நீயாவது நம்புகிறாயா?

தங்கை


மே 18

அன்புத் தங்கைக்கு,

உன்னை நம்பாமல் வேறு யாரை நம்புவேன்? கண்ணைத் துடைத்துக்கொண்டு படி.

அம்மா நோயில் கிடந்தபோது நீ விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய், பரீட்சை என்று அம்மா உன்னை வரவிடவில்லை. கடைசி மாதங்களில் அவள் கண் மஞ்சளாகிவிட்டது. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் ஊதிப்போய் இருந்தது. மில் பஞ்சுத் தூசி உள்ளே போய்விட்டது என்றார்கள். வேளைக்குச் சாப்பிடவில்லை என்றார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள், நாங்களும் கேட்டுக்கொண்டோம். ரத்த நிலையத்துக்காரரிடம் அதைச் சொன்னபோது, "கல்லீரல்தாம்மா" என்றார். அம்மாவிடமிருந்து நீ பிறக்கும்போதே உனக்கு வந்திருக்கும் என்கிறார். மாப்பிள்ளையும் காரணம் இல்லை, நீயும் காரணம் இல்லை. இதை அப்படியே உன் மாமியாரிடம் படித்துக் காட்டு.

நீ அம்மா வயிற்றுப் பிள்ளைதான். இதற்கு மேலும் அத்தாட்சி வேண்டுமானால் நான் எங்கே போவேன்?

இரண்டு ஊசியும் போடவேண்டியவைதான். ஒன்று உடனே காவல் நிற்கும், மற்றது உடம்புக்கே எதிர்த்து நிற்கக் கற்றுக்கொடுக்கும். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். தயவுசெய்து போட்டுவிடு.

அக்கா


ஜூன் 4

அக்காவுக்கு,

நலமாகவே இருக்கிறேன். பிள்ளை உதைக்கிற உதையில் இந்தக் காகிதம்கூட ஆடுகிறது.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அம்மா பிள்ளை என்று தெரிந்ததற்கும், அம்மா அப்படிச் செத்ததற்கும் சேர்த்து அழுதேன். இவருக்குப் படித்துக் காட்டினேன். நீண்ட நாள் கழித்து என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

பிறகு மறுபடியும் படித்தேன். எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது என்றால், நீயும் அதே அம்மா பிள்ளைதானே? உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. சுண்டுவைப் பற்றியும் இல்லை. சுண்டு என்ற சொல் இல்லாமல் நீ கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. ஏப்ரலிலிருந்து அவள் பல்லும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. என்னக்கா?

மாமியார் வேறு ஏற்பாடு செய்துவிட்டார். பக்கத்துத் தெருவில் ஒரு சின்னப் பிரசவ விடுதி. நடத்துகிற அம்மா அவருக்குப் பழக்கம். அங்கே ஒன்றும் கேட்கமாட்டார்கள், நாமும் ஒன்றும் சொல்லவேண்டாம் என்கிறார். ஊசியும் கிடையாது, சிவப்பு வட்டமும் கிடையாது. முதல் ஆளாகப் போனால் முதல் ஆளாக உள்ளே விடுவார்கள். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. மனுஷியைப் பார்த்து ஒரு வார்த்தை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர்கள் கையில் பிள்ளையை எப்படிக் கொடுப்பது?

தங்கை


ஜூன் 11

அன்புத் தங்கைக்கு,

வேண்டாம். அந்த விடுதிக்குப் போகாதே. பெரிய ஆஸ்பத்திரிக்கே போ. அவர்கள் பேசத் தெரியாதவர்களாக இருக்கலாம், ஊசி சரியான ஊசி. எனக்காகப் போ.

நானும் பரிசோதனை செய்துகொண்டேன். எனக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் நலம்.

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

"நாங்கள் நலம்" என்று வெறும் இரண்டு சொல்லில் நீ என்றைக்கு எழுதினாய்?

ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்கு இருந்தது, எனக்கு வந்தது, உனக்கு மட்டும் வரவில்லை. சரி. உனக்கு வரவில்லை என்றால் அம்மாவிடமிருந்து வருகிறது என்று எப்படி நம்புவது? ஒன்று, உன் ரத்த நிலையத்துக்காரர் கதை விடுகிறார். இல்லை, நான் தவிட்டுக்கு வாங்கியவளேதான். இரண்டில் எதுவானாலும் அந்த ஊசிக்கு அவசியம் என்ன? மாமியாரும் இதையேதான் கேட்கிறார்.

விடுதியில் பேசி முடித்தாகிவிட்டது. இன்னும் மூன்று நான்கு வாரம். பிள்ளை பிறந்ததும் எழுதுகிறேன். சுண்டுவைக் கேட்டதாகச் சொல், அவள் அங்கே இருந்தால்.

தங்கை


ஜூன் 25

தங்கச்சி,

நான் பொய் எழுதினேன். எனக்கு இருக்கிறது. சுண்டுவுக்கும் இருக்கிறது.

ரசீதுப் புத்தகத்தைக் கீழே வைத்தாரே, அப்போதே அவர், "நீங்களும் கையை நீட்டுங்கம்மா" என்றார். சிரித்துக்கொண்டே நீட்டினேன். முடிவு வந்த மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வேண்டும் என்று சொல்லி சுண்டுவைக் கூட்டிப் போனேன். ஒரு சொட்டு என்று சொல்லி ஒரு குழாய் நிறைய எடுத்தார்கள். அழவில்லை. குழாயை ஆட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். அதன் பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தால் அவள் பெயர் வரும் இடத்தில் பேனா நின்றுவிடும்.

அவளைப் பெற்றபோது என்னிடம் யாரும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. நீ எழுதினாயே, ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று, அந்த மாதிரி விடுதிதான். எல்லோரும் அன்பாக இருந்தார்கள். முதல் ஆளாக உள்ளே விட்டார்கள். பிள்ளையைத் துடைத்து என் கையில் கொடுத்து, மறுநாள் காலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு நாள் எப்படிப்பட்ட நாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இப்போதைக்குக் கல்லீரலில் கெடுதல் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும், பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் இங்கிருக்கும் டாக்டர். அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. சுண்டுவுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்துவிட்டேன். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. புதுத் தட்டு என்று சந்தோஷப்பட்டாள். அன்றைக்கு நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

உன்மேல் எனக்குக் கோபம். கோபம் என்ன, பொறாமை என்றே சொல்கிறேன். என் பிள்ளைக்குக் கிடைக்காத ஊசி உன் பிள்ளைக்காக வாசலில் காத்திருக்கிறது, நீ கையுறையையும் பெஞ்சையும் சொல்லிக்கொண்டு வேண்டாம் என்கிறாய். எல்லோரையும் சந்தேகப்படு. என்னையும் படு. அந்த ஊசியை மட்டும் விட்டுவிடாதே.

அக்கா


ஜூலை 23

என் அக்காவுக்கு,

தாயும் சேயும் சுகம். பெண் பிறந்திருக்கிறாள். நல்ல நிறை. அம்மாவின் மூக்கு.

உன் கடிதம் வந்ததும் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். வலி எடுத்தபோது மாமியார் விடுதிக்கு வண்டி சொல்லிவிட்டார். வண்டி வந்து நின்றது. நான் ஏறவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பெரிய ஆஸ்பத்திரின்னா ஏறுறேன், இல்லேன்னா இங்கயே பெத்துக்கறேன்" என்றேன். மாமியார் கத்தினார். எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலைத் திறந்தார். இவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு வண்டிக்காரரிடம், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இவர் பேசிய வார்த்தைகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

பிள்ளையைத் துடைத்ததும் ஊசியோடு நர்ஸ் வந்தாள். நான் சும்மா விடவில்லை. இரண்டு மருந்துக் குப்பியையும் வாங்கி, பெயரும் தேதியும் படித்துப் பார்த்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன். "உங்களை மாதிரி ஆள் பார்த்ததே இல்லைம்மா" என்று சலித்துக்கொண்டாள். வலது தொடையில் ஒன்று, இடது தொடையில் ஒன்று. என் கையில் வைத்துத்தான் போட்டார்கள். அவள் வீறிட்டபோது எனக்கும் அழுகை வந்தது, பயத்தில் இல்லை. சுண்டுவை நினைத்துக்கொண்டேன். மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். இன்னும் ஊசிகள் பாக்கி இருக்கின்றன. எல்லாம் முடிந்த பிறகு, ஒன்பது மாதத்துக்கு மேல் ரத்தம் பார்த்துத்தான் நிச்சயமாகச் சொல்வார்களாம். பால் கொடுக்கலாம் என்றார்கள், கொடுக்கிறேன்.

சுண்டுவின் தட்டைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். என் பிள்ளைக்கு என்று பொய் சொல்லித்தான் கேட்டேன். ஒரே தட்டில் சாப்பிட்டால் வராதாம், கட்டிப்பிடித்தால் வராதாம், முத்தம் கொடுத்தால் வராதாம். இரண்டாவது டாக்டரிடமும் கேட்டேன், என்னைத்தான் உனக்குத் தெரியுமே. அவரும் அதையே சொன்னார். அந்தத் தட்டை இன்றைக்கே எடுத்துப் போடு. அத்தானிடம் சொல். அவரும் பரிசோதனை செய்துகொண்டு ஊசி போட்டுக்கொள்ளட்டும். லீவு போட்டு மூன்று பேரும் வாருங்கள்.

உன் தவிட்டுக்குட்டி


ஆகஸ்ட் 6

என் தவிட்டுக்குட்டிக்கும் அவள் பெண்ணுக்கும்,

வாழ்க்கை முழுக்க நோய் நொடி அண்டாமல் இருங்கள். இங்கே மூவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் நீ சண்டைக்கு வருவாயோ என்று பயமாக இருக்கிறது.

அத்தானிடம் சொன்னேன். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, தனித் தட்டை எடுத்து அலமாரிக்கு மேல் வைத்தார். மறுநாள் ரத்தம் கொடுத்தார். அவருக்கு இல்லை. ஊசி ஆரம்பித்துவிட்டார்கள்.

இனி சுண்டுவிடம் மறைத்துப் பயனில்லை என்று தோன்றியது. ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது, அம்மாவுக்கும் இருக்கிறது, வருஷத்துக்கு இரண்டு முறை டாக்டரிடம் போகவேண்டும் என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். உன் கடிதத்தில் பாப்பா பிறந்த பகுதியைப் படித்தும் காட்டினேன். குப்பியை வாங்கிப் படித்த இடத்தில் சிரித்தாள். பிறகு யோசித்தாள்.

"எனக்கு ஏன்மா அந்த ஊசி போடலை?"

"யாருமே என்னைக் கேக்கலைடி."

"பாப்பாவுக்கு மட்டும் யாரு கேட்டாங்க?"

"ஆஸ்பத்திரியில பரிசோதனை பண்ணாங்க. அப்புறம் சித்தி எல்லாரையும் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தா."

"நீ ஏன்மா சந்தேகப்படலை?"

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, தலை வாரிவிட்டேன், போய்விட்டாள். சாயங்காலம் வந்து மறுபடியும் கேட்பாள், அவளுக்கு உன் குணம்.

வெள்ளிக்கிழமை மூவரும் வண்டி ஏறுகிறோம்.

அக்கா